வண்டலூர் கூண்டா, வீட்டு டபராவா?

கேமரா பழகுகிறவர்களுக்குச் சென்னையில் இரண்டு வழி. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்க் கூண்டு விலங்குகளை எடுக்கலாம், அல்லது வீட்டுச் சாமான்களையே எடுக்கலாம். நான் இரண்டும் செய்கிறேன்.

வெளிச்சம் பழக வீடுதான் நல்லது. காலை ஏழு மணிக்கு ஜன்னலோரம் பித்தளை டபராவை வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை நிறுத்துங்கள். கறுத்துக் கிடந்த பக்கம் மெல்ல எழும்பி வரும், விளிம்பில் உறைந்த காபிக் கறைகூடத் தெரியும். 50 மி.மீ. லென்ஸ் போதும்.

வண்டலூரில் அகழிக்கு அப்பால் நிற்கும் விலங்குக்கு தூரத்தைக் கிட்டே இழுக்கும் 300 மி.மீ. லென்ஸாவது வேண்டும். செவ்வாய் விடுமுறை. பறவைக் கூண்டில் லென்ஸை வலையோடு ஒட்டி, லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை நன்றாகத் திறந்தால் (எஃப்/4 அல்லது அதற்கும் கீழே; எண் குறையக் குறையத் துளை பெரிது) படத்தில் கம்பி கரைந்துவிடும். பறவை வலையை விட்டுத் தள்ளி இருக்கவேண்டும், வலைமேல் வெயில் படக்கூடாது. 1972 முதல் கிண்டியில் இருக்கும் பாம்புப் பண்ணையில் கண்ணாடிதான் தொல்லை. லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி பிடித்தால் பிரதிபலிப்பு அடங்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், பாவம் அவை.

சரி, எனக்கு எது பிடிக்கும்? வீடுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள், எடுத்த கிளிப் படத்தைப் பெரிதாக்கினேன். கண்ணுக்குள் வலையின் கட்டங்கள் அப்படியே தெரிந்தன. அன்றிலிருந்து கம்பியை மறைக்காமலும் சில படங்கள் எடுக்கிறேன்.