மாப்பிள்ளையிடம் மாட்டிய 3 லட்சம்: எந்த வழி தேவலை?

தங்கச்சி வீட்டுக்காரருக்கு 3 லட்சம் கொடுத்து இரண்டே முக்கால் வருடம் ஆகிறது. கையில் இருப்பது ஒரு புரோநோட்டு, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவர் கையெழுத்தோடு. அப்புறம் ஒரு பழைய செக். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று வக்கீல் வீட்டுக்கு அலைந்ததில் தெரிந்தது இது.

போலீசுக்குப் போ என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். வேண்டாம். வாங்கிய கடனைத் தராதது மட்டுமே மோசடி ஆகிவிடாது, சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். அனுப்பாமல் உட்காரவைத்து மிரட்டினால் அதற்குப் பெயர் கட்டப் பஞ்சாயத்து.

செக் கேஸ் வேகமானது. பணமில்லை என்று செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கைக்குப் போனபின் அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இரண்டு வருடம் வரை ஜெயில் என்பதால் இதைவிட அழுத்தமான வழி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி புருஷனைக் கூண்டில் ஏற்றிவிட்டு தீபாவளிச் சீர்த் தட்டோடு அந்த வாசல்படியை எப்படி மிதிப்பது? என்னிடம் இருந்த செக் மூன்று மாதம் தாண்டிச் செல்லாமல் போனதில் உள்ளூர நிம்மதிதான்.

புரோநோட்டை வைத்து சிவில் வழக்கு போடலாம். தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், என் தொகைக்கு 9,000 ரூபாய், வக்கீல் ஃபீஸ் தனி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37 என்ற சுருக்க வழியில் போட்டால் கோர்ட் அனுமதியில்லாமல் அவர் எதிர்வாதம் செய்ய முடியாது. சரி, டிகிரி, அதாவது பணத்தைக் கொடு என்ற கோர்ட் தீர்ப்பாணை வந்துவிட்டது, பணம்? அதற்கு நிறைவேற்று மனு, ஜப்தி என்று இன்னொரு ரவுண்டு.

என் ஓட்டு சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்கு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு, கட்டணம் இல்லை. இருவரும் ஒத்துக்கொண்டு தவணை எழுதினால் அது டிகிரிக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அவர் வரவே மாட்டேன் என்றால் மட்டும் ஒன்றும் ஆகாது.

எந்த வழியானாலும் நோட்டை வைத்து வழக்குப் போட நோட்டுத் தேதியிலிருந்து 3 வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் கொஞ்சமாவது பணம் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி அவர் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை 5,000 கொடுத்தார். நோட்டைத் திருப்பி நீட்டினேன். "என்ன மச்சான், நம்பிக்கை இல்லையா?" என்றார். தங்கச்சிதான் உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தாள்.