35 குதிரை ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் காரைக் கொடுக்குமுன்

போன மாதம் 65,000 ரூபா கொடுத்து ஒரு கடதாசி வாங்கினேன். காரை டைனோவில், அதாவது உருளைமேல் ஓடவிட்டு வலுவை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றி எடுத்த பிரின்ட். அதில் நீலக்கோடு ஒன்று, சிவப்புக்கோடு ஒன்று. நீலத்தின் உச்சியில் 123 குதிரைவலு, சிவப்பின் உச்சியில் 158. "35 குதிரை கூடிட்டுது தம்பி, இனி இது வேற கார்" என்று கராஜ்காரர் கையைக் குலுக்கினார். கொழும்பில் பழைய ஜப்பான் கார் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது எட்டாம் தலைமுறை ஹொண்டா அக்கோர்ட், 2.0, ஓட்டோ கியர். 2008இல் வந்த உடல். கம்பனிக் கணக்கில் 156 குதிரைவலு. முன் சில்லுகளைத் தாங்குவது டபிள் விஷ்போன் சஸ்பென்ஷன், வளைவில் பிடித்தால் விடாது. ஆனால் நேரே ஓட விட்டால் நடுத்தரம்தான். இதே உடலை அமெரிக்காவில் அக்குரா டிஎஸ்எக்ஸ் என்று விற்றார்கள், அங்கே 2.4 எஞ்சின், 201 குதிரை. இணையத்தில் அந்தக் காரின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத் தன் 2.0ஐ ஒரு மாதிரிப் பார்க்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். திறந்தபின் விலையைக் கேட்டதும், இருக்கிற காரையே கொஞ்சம் உசுப்பிக்கொள்வோம் என்று தோன்றியது. அங்கேதான் மாட்டினேன்.

கராஜின் பெயர் வேண்டாம். பளபளப்பான தரை, லப்டொப், டீசேர்ட் போட்ட பையன்கள், நல்ல கோப்பி. ரீமெப் செய்தால், அதாவது எஞ்சினை ஆளும் மென்பொருளைத் திருத்தினால், 35 குதிரை ஏறும், "விடெக் கிக்" முதுகில் தெரியும் என்றார்கள். இதைக் கேட்டதுமே எழும்பி வந்திருக்க வேண்டும். விடெக் என்பது வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் ஹொண்டாவின் முறை; இந்த 2.0 எஞ்சினில் அது இருப்பது மெதுவாக ஓடும்போது பெற்றோல் மிச்சம் பிடிக்க. முதுகில் உதைக்க அல்ல. டேர்போ எஞ்சின் என்றால் காற்றழுத்தத்தைக் கூட்டி வலுவை ஏற்றலாம். டேர்போ இல்லாத எஞ்சின் தானாக இழுக்கிற காற்றோடு சரி. மென்பொருளை எவ்வளவு திருத்தினாலும் சில குதிரைதான் கிடைக்கும். 35 என்பது கதை.

வேலைக்கு முன் ஓட்டிப் பார்த்தபோது ஏசி முழுவேகத்தில், உள்ளே நாலு பேர். முடிந்தபின் நானும் கராஜ்காரரும் மட்டும். "ஏசியை நிப்பாட்டுங்கோ தம்பி, எஞ்சின் சத்தம் கேட்கட்டும்." கார் பறந்தது. காலி வீதியில் பம்பலப்பிட்டி சிக்னலில் பச்சை விழ, மிதியைத் தொட்டாலே பாய்கிறது. இரண்டு நாள் நான் தரையில் இல்லை. மனைவி மட்டும் முதல் நாளே "ஏன் இப்படி வெட்டி வெட்டி ஓடுது?" என்று கேட்டாள்.

மச்சானுக்கு எல்லாவற்றையும் அளக்கிற வியாதி. முந்தின மாதம் காலிக்குப் போகையில், கொட்டாவையில் அதிவேக வீதிக்கு ஏறியபின் 60இலிருந்து 100 வரை மிதியை முழுதாக அமுக்கச் சொல்லி, போனில் ஜிபிஎஸ் வைத்து நேரம் எடுத்திருந்தான். அதிவேக வீதியில் 100தான் எல்லை, அதற்கு மேல் போகவில்லை. அன்று வந்தது 6.9, 7.0, 6.9 செக்கன். ரீமெப்புக்குப் பிறகு அதே இடம், அதே இரண்டு பேர், ஏசி ஓஃப், 95 ஒக்டேன் பெற்றோல். 6.9, 7.1, 7.0. மச்சான் போனைக் காட்டிவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததுதான் கூடுதலாகச் சுட்டது.

வீட்டுக்கு வந்து அந்தக் கடதாசியை லைற்றுக்குக் கீழே பிடித்தேன். ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில், நீலக்கோட்டுக்கு "வீல்" என்றும் சிவப்புக்கோட்டுக்கு "எஞ்சின்" என்றும் போட்டிருக்கிறது. டைனோவின் உருளை அளப்பது சில்லுக்கு வந்துசேரும் வலுவை. எஞ்சினிலிருந்து கியர்பெட்டி வழியாக வரும்போது ஒரு பங்கு கரைந்துவிடும், ஓட்டோவில் இன்னும் கூட. "முன்" என்பதைக் கரைந்தபின் உள்ள கணக்கிலும், "பின்" என்பதைக் கரைந்ததைத் திரும்பக் கூட்டிய கணக்கிலும் அச்சடித்திருக்கிறார்கள். 123ஐயும் 158ஐயும் பக்கத்தில் வைத்தால் 35 குதிரை; ஒரே கணக்கில் வைத்தால் கம்பனி சொன்ன 156க்கும் இவர்களுடைய 158க்கும் இடையில் இரண்டு.

அப்படியென்றால் கார் பறந்தது எப்படி? டாஷ்போர்டுக்குக் கீழே ரோர்ச் அடித்துப் பார்த்தேன். அக்ஸிலேட்டர் மிதியின் வயருக்கு இடையில் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மிதியைக் கொஞ்சம் தொட்டால் நிறைய மிதித்ததாக எஞ்சினுக்குப் பொய் சொல்கிற சாமான். முழுதாக மிதித்தால் பொய் சொல்ல இடமில்லை, பழைய காரேதான். ஈசியூவை, அதாவது எஞ்சினை ஆளும் கணினியை, இவர்கள் தொட்டார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

திரும்பப் போனேன். முதலில் "500 கிலோமீற்றர் ஓடினால் ஈசியூ பழகும்" என்றார்கள். பிறகு "95 அடியுங்கோ" என்றார்கள், அதைத்தான் அடித்திருந்தேன். திருத்துமுன் இருந்த மென்பொருளின் பழைய மெப் ஃபைலைக் கேட்டேன், அழிந்துவிட்டதாம். பில்லை எடுத்துப் பார்த்தால் "ஸ்கேன், சேர்விஸ்" என்று மட்டும் இருக்கிறது. ரீமெப் என்ற சொல்லே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது, முறைப்பாட்டை எழுதியும் கொடுக்கலாம். ஆனால் பில் இப்படி இருந்தால் எதைச் செய்யவில்லை என்று முறையிடுவது? காசு கொடுக்குமுன் பில்லில் வேலையின் பெயரை எழுதச் சொல்லுங்கள், பழைய ஃபைலின் பிரதியைப் பென்ட்ரைவில் வாங்குங்கள். டைனோ என்றால் முன்னும் பின்னும் ஒரே கியரில், இரண்டும் வீல் கணக்கில் வேண்டும் என்று வாயைத் திறந்து கேளுங்கள். முகம் மாறினால் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பெட்டியை நானே கழற்றினேன். அடுத்த கிழமை வெள்ளவத்தையில் எங்கள் பழைய மெக்கானிக் அண்ணனிடம் ஒயில் மாற்றப் போனபோது அவர் பின் இடது சில்லில் கையை வைத்துவிட்டு "இது ஏன் சுடுது?" என்றார். ஜாக்கி போட்டுச் சுற்றினால் அரை வட்டம்கூடப் போகவில்லை. பிரேக்கை அழுத்திப் பிடிக்கிற கலிப்பர் இறுகி, எப்போதும் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கழற்றித் துப்புரவாக்கி, புது ரப்பர் கிட் போட்டு, கூலியோடு 9,000 ரூபா. மச்சானைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் கொட்டாவைக்குப் போனோம். 6.5 செக்கன்.