நீர்க்கட்டிச் சிறுநீரகத்தோடு டெல்டா பக்கம் வருபவர்களுக்கு

சித்திரை, வைகாசியில் கல்யாணம், திருவிழா என்று ஊருக்கு வருபவர்களில் பரம்பரை நீர்க்கட்டி நோய் உள்ளவர்களுக்கு லேப் பற்றிக் கவலை வேண்டாம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் அன்றைக்கே கிடைத்துவிடும். சிக்கல் அலகில்தான். இங்கே மி.கி./டெ.லி.; லண்டன், டொரண்டோ, சிங்கப்பூர் ரிப்போர்ட்டில் மைக்ரோமோல்/லி. 88.4ஆல் வகுத்தால் நம்மூர்க் கணக்கு வரும்: 141 என்றால் சுமார் 1.6. பழைய எண் கையில் இல்லையென்றால், 1.9 என்று வந்தது வழக்கமா, புதிதா என்று இங்குள்ள டாக்டரால் சொல்ல முடியாது. 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலோ, ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கானாலோ அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு.

கட்டி வளர்வதை மெதுவாக்கும் டோல்வாப்டன் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறுநீர் ஏற்கெனவே லிட்டர் லிட்டராகப் போகும். அதோடு வெயிலும் பேதியும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். டெல்மிசார்டன், லோசார்டன் வகை பிரஷர் மாத்திரை வேறு சிறுநீரகத்தின் வடிகட்டும் அழுத்தத்தை இறக்கும். வாந்தி, பேதி வந்தால் இவற்றை நிறுத்துவதும், சாப்பாடும் தண்ணீரும் பழையபடி இறங்கி ஓரிரு நாள் ஆனபின் தொடங்குவதும் வழக்கம்; கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் இதை எழுதி வாங்குங்கள். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. டம்ளரில் பெரிய பாக்கெட்டைக் கொட்டாதீர்கள்.

விலாவலிதான் ஆபத்தான இடம். கட்டிக்குள் ரத்தக் கசிவு, கல், தொற்று எல்லாவற்றுக்கும் வலி அங்கேயேதான். தெருமுனை கிளினிக்கில் கேட்காமலே டைக்ளோஃபினாக் வலி ஊசி போட்டுவிடுவது உண்டு. சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் நுண்குழாயை விரித்து வைக்கும் சுரப்பை அது தடுக்கிறது. உடம்பு வற்றிய நேரத்தில் ரத்த ஓட்டம் சட்டென்று குறையும். மெடிக்கலில் பாரசிட்டமால் கேட்டாலும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அதே வகை வலி மருந்தான அசிக்ளோஃபினாக் சேர்ந்த கூட்டு மாத்திரை ஏராளம். கத்தரித்துத் தந்த, பெயர் தெரியாத துண்டு வேண்டவே வேண்டாம்.

குளிர் ஜுரத்தோடு விலாவலி என்றால் கட்டியில் தொற்று இருக்கலாம். சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) ஒன்றும் தெரியாமலே போகலாம். கட்டி பெரும்பாலும் சிறுநீர்க் குழாயிலிருந்து அறுந்து தனியே நிற்பதுதான் காரணம். ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே ரத்தக் கல்ச்சரும் எடுக்கச் சொல்லுங்கள். அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக் கட்டிக்குள் நன்றாகப் புகாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் புகும், ஆனால் நம் நாட்டில் அதற்கு மசியாத கிருமிகள் அதிகம்.

சிறுநீர் 6 மணி நேரம் வராமலே இருந்தால் 108ஐக் கூப்பிட்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கே போங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்: அத்தனை கட்டிகளுக்கு நடுவே அடைப்பால் வந்த வீக்கத்தைப் பிரித்துச் சொல்வது ஸ்கேன் டாக்டருக்கே கஷ்டம்.