அப்பாவின் ஜிம் ரீவ்ஸ் கசட்டும் ஹட்டன் கடைத் தம்பியும்

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு சின்ன போன் ரிப்பேர் கடை. போர்டில் போன், சார்ஜர், ரீலோட் என்றுதான் எழுதியிருக்கும். பழைய கசட்டைப் பென் டிரைவில் ஏற்றியும் தருகிறார்கள் என்பது பக்கத்து லயத்துப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நான் கொண்டுபோனது ஒரே ஒரு கசட். அப்பா பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பங்களா அப்புவாக, அதாவது சமையல்காரராக இருந்தவர். 1986இல் மாற்றலாகிப் போன தோட்டத்துத் துரை, போகும்போது அவர் கையில் கொடுத்த கசட் அது; ஜிம் ரீவ்ஸ் என்ற அமெரிக்கப் பாடகருடையது. அப்பாவுக்கு இங்கிலீஷ் குசினி அளவுக்குத்தான். ஆனால் நத்தார் மாதம் வந்தால் எங்கள் வீட்டில் அந்தக் குரல்தான் கேட்கும்.

எங்கள் பக்கத்து ஈரத்தில் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நாடாவை, அதிலிருந்து பாட்டை எடுக்கிற ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சும் உதிர்ந்துபோயிருந்தது. இன்னோர் ஊர்க் கடையில், "இது சரிவராது, யூடியூபில் கேளுங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

ஹட்டன் தம்பி அப்படிச் சொல்லவில்லை. ஐந்து ஸ்குருவையும் கழற்றி, நாடாவைத் துடைத்து, வேறொரு கசட் கூட்டுக்கு மாற்றினார். பிறகு கசட் போடுகிற டெக்கின் ஹெட் ஓரத்திலிருக்கும் ஸ்குருவைத் துளித்துளியாகத் திருகி, காதால் கேட்டே சரிபண்ணினார். அந்தக் கோணம் பிசகினால் குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்குமாம். ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓடினால் ஏற்றவும் முப்பது நிமிடம். அவசரப்படுத்த முடியாது.

ஒரே ஒரு குறை. முதலில் தந்த பிரதியில் கம்ப்யூட்டரை வைத்து இரைச்சலை எடுத்திருந்தார். "இப்ப சுத்தமா இருக்கு அக்கா" என்றார். இரைச்சலோடு பாடுகிறவரின் மூச்சும் போயிருந்தது. மற்றப் பாடகர்களுக்குச் செய்யலாம், ஜிம் ரீவ்ஸுக்கு அதைச் செய்யக்கூடாது. ஏன் என்று தம்பிக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

ஜிம் ரீவ்ஸ் 1923இல் டெக்சாஸில் பிறந்தவர். பேஸ்போல் ஆட வந்து, காலில் பட்ட காயத்தால் அதை விட்டவர். அப்புறம் ஹென்டர்சனிலும் ஷ்ரீவ்போர்ட்டிலும் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தார். இசைத்தட்டைப் போட்டுவிட்டு இடையில் பேசுகிற வேலை. 1953இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டைக் கேட்டால், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று உரத்துத்தான் பாடியிருப்பார். 1957இல் வந்த 'ஃபோர் வோல்ஸ்' பாட்டில்தான் மைக்கை ஒட்டி நின்று, குரலைத் தாழ்த்திப் பாடினார். ராத்திரி வானொலியில் ஒரே ஒருவரிடம் கதைப்பது மாதிரி. அறிவிப்பாளரும் பாடகரும் ஒன்றானது அந்த இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். 1960இல் 'ஹீ'ல் ஹேவ் டு கோ' அமெரிக்கக் கண்ட்ரி பாட்டுப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதுவும் இப்படிக் காதோடு சொல்கிற பாட்டுத்தான். 1964 ஜூலை 31 அன்று நாஷ்வில் பக்கத்தில் இடிமழைக்குள் அவரே ஓட்டிப்போன சிறு விமானம் விழுந்தது. நாற்பது வயது. அப்பா அந்தக் குரலை முதலில் கேட்டபோதே அவர் போய் எத்தனையோ வருடம். ஆனாலும் குசினியில் பக்கத்தில் நின்று பாடுகிற மாதிரி கேட்டதென்றால், அது அந்த மூச்சால்தான்.

தம்பி மறுபேச்சில்லாமல் அன்றைக்கே எதையும் துடைக்காமல் திரும்ப ஏற்றித் தந்தார். கூடக் காசும் கேட்கவில்லை.

இரண்டாம் பக்கத்தில் ஒரு பாட்டின் நடுவே குரல் ஒருமுறை இழுபட்டுக் குழையும். துரை பங்களா ரேடியோவில் நாடா சிக்கிய இடம் அது. பென் டிரைவில் அதுவும் அப்படியே இருக்கிறது. அந்த இடம் வருவதற்கு முன்பே அப்பா விரலைத் தூக்கி, "இப்ப பாரு" என்கிறார். யூடியூபில் எந்தப் பிரதியில் அது கிடைக்கும்?

ஒரு கசட்டுக்கு 600 ரூபா வாங்கினார். பென் டிரைவ் நாம்தான் கொண்டுபோக வேண்டும். இரைச்சலை எடுக்காத பிரதி வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பத்தாம் தேதிச் சம்பளத்துக்குப் பிறகு வருகிற சனி, ஞாயிறில் மட்டும் போகாதீர்கள். ரீலோட் போட வருகிற கூட்டத்தில் தம்பிக்கு உங்கள் பாட்டைக் காது கொடுத்துக் கேட்க நேரம் இருக்காது.