கூடைப்பந்துச் சக்கர நாற்காலி: அளவு மாற்றும் சட்டகம் யாருக்கு ஏற்றது?

நம் தேசிய ஆண்கள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியின் ஆட்டத்தை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு எங்கள் கிளப்புக்கு வரும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, அந்த நாற்காலி எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதுதான். 2006இல் தூரக் கிழக்கு, தென் பசிபிக் வட்டார மாற்றுத்திறனாளிகளுக்கான ஃபெஸ்பிக் போட்டிகளையும் 2017இல் ஆசியான் பாரா போட்டிகளையும் நடத்திய கோலாலம்பூரில், விளையாட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து வாங்கக்கூடிய கடை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் இருப்பவை அன்றாடப் பயன்பாட்டு நாற்காலிகள். ஆகவே வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும். அப்போது நம் முன் இருப்பவை இரண்டு வகைகள்: உடல் அளவைக் கொடுத்து அதன்படியே பற்றவைத்துச் செய்யப்படும் நிலைச் சட்டகம் ஒன்று, போல்ட்டுகளைத் தளர்த்தி உயரத்தையும் சாய்வையும் மாற்றிக்கொள்ளக்கூடிய சட்டகம் மற்றொன்று. எங்கள் கிளப் கடந்த ஆண்டு வாங்கியது இரண்டாவது வகை. ஏறத்தாழ இதே அமைப்பைப் பல நிறுவனங்கள் விற்பதால், பெயரை விட்டுவிட்டு அமைப்பையே மதிப்பிடுகிறேன்.

அன்றாட நாற்காலியிலேயே ஆடிப் பழகலாமே என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. இந்த ஆட்டம் வழக்கமான கூடைப்பந்தின் அதே 28க்கு 15 மீட்டர் களத்தில், அதே 3.05 மீட்டர் உயர வளையத்தை நோக்கி ஆடப்படுகிறது. பந்தைத் தரையில் தட்டாமல் இரண்டு முறைக்கு மேல் சக்கரத்தைத் தள்ளினால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பதால், குறைந்த தள்ளலில் நீண்ட தூரம் உருளவும், நின்ற இடத்திலேயே சட்டெனத் திரும்பவும் நாற்காலி இடம் தர வேண்டும். பெரிய சக்கரங்கள் அடியில் விரிந்தும் மேலே இடுப்பை நோக்கிச் சாய்ந்தும் இருப்பது அதற்காகத்தான். வழக்கமாக 15 முதல் 20 பாகை வரை இருக்கும் இந்தச் சாய்வு, வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் கவிழாமல் காக்கிறது. இரண்டு நாற்காலிகள் உரசும்போது சக்கரங்களின் அடிப்பகுதிகளே முதலில் மோதிக்கொள்வதால் விரல்களும் தப்பிக்கின்றன. முன்னால் கால்களைச் சுற்றியிருக்கும் காப்புக் கம்பி, பின்னால் மல்லாந்து விழாமல் தடுக்கும் சிறு சக்கரம், இடுப்பையும் தொடையையும் இருக்கையோடு பிணைக்கும் வார்கள் ஆகிய எதுவும் அன்றாட நாற்காலியில் முறையாக இருப்பதில்லை. பிரேக் மட்டும் அதில் இருக்கும். ஆட்ட நாற்காலியிலோ அதற்கு அனுமதியே இல்லை.

இனி, அளவு மாற்றும் வசதி உண்மையில் எதற்கு உதவுகிறது என்பதற்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் அவருடைய உடல் இயக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை அரைப் புள்ளி ஏற்றமாகத் தரம் குறிக்கப்படுகிறது. பன்னாட்டு ஆட்டத்தில் களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக் கூடாது. வயிற்றுத் தசையில் கட்டுப்பாடு இல்லாத 1.0 புள்ளிக்காரரும், ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே இழப்புள்ள என்னைப் போன்ற 4.5 புள்ளிக்காரரும் ஒரே அணியில் ஆடுவது இந்தக் கணக்கினால்தான். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரே உட்காரும் முறை பொருந்தாது. பன்னாட்டு விதியே இருக்கை உயரத்துக்கு இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது: 3.0 வரையுள்ளவர்களுக்கு 63 சென்டிமீட்டர், 3.5 முதல் மேலே உள்ளவர்களுக்கு 58 சென்டிமீட்டர். நான் அந்த 58ஐத் தொடும் அளவுக்கு உயரமாக, இருக்கை ஏறத்தாழ மட்டமாக, முதுகுத் தாங்கி தாழ்வாக உட்கார விரும்புவேன். வளையத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறேனோ அவ்வளவு நல்லது. தண்டுவடக் காயமுள்ளவருக்கோ இருக்கையின் பின்பகுதி தாழ்ந்து, முழங்கால்கள் உயர்ந்து, உடல் அந்தப் பள்ளத்துக்குள் அமர்ந்திருந்தால்தான் நிலை தவறாது.

எங்கள் கிளப்புக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞருக்கு மார்பின் நடுப்பகுதிக்குக் கீழே உணர்வில்லை. எனக்காகப் பொருத்தியிருந்த நாற்காலியில் முதலில் அவரை உட்காரவைத்தோம். பந்துக்கு எட்டும்போதெல்லாம் தொடைமீது கவிழ்ந்துவிடுவார். பிறகு ஒரு கையைச் சக்கரத்தில் ஊன்றித்தான் நிமிர முடியும். இருக்கையின் பின்பக்கத்தைப் பல படிகள் இறக்கி, முதுகுத் தாங்கியைச் சற்று உயர்த்தி, கால் பலகையையும் மேலே ஏற்றி, மார்புக்குக் கீழே ஒரு வாரைக் கட்டியதும் ஆளே மாறிவிட்டார். “அண்ணே, இப்பதான் ரெண்டு கையும் பந்துக்குன்னு இருக்கு” என்றார். இவ்வளவுக்கும் தேவைப்பட்டது போல்ட்டைத் திருகும் ஓர் அறுகோண ஆலன் சாவியும் அரைமணி நேரப் பொறுமையும்தான். நிலைச் சட்டகத்தில் இதைச் செய்ய வேண்டுமானால் வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டியிருக்கும். புதியவருக்கு என்ன அளவு பொருந்தும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது என்ற கட்டத்தில் இந்த நாற்காலிக்கு இணை இல்லை.

பெரிய சக்கரங்களின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியையும் பாராட்ட வேண்டும். அச்சு முன்னால் வரும்போது முன்பக்கச் சிறு சக்கரங்களின்மீதுள்ள பாரம் குறைந்து, நாற்காலி விரல் அசைவுக்குத் திரும்புகிறது. அதோடு பின்னால் சாயும் போக்கும் கூடுகிறது. தொடக்கத்தில் பின்னால் வைத்துக்கொண்டு, துணிவு வர வர முன்னால் நகர்த்துவதே நல்ல முறை. மாற்ற முடியாத ஒன்று உண்டு, அது இருக்கையின் அகலம். இடுப்பின் இருபுறமும் துணி மடிப்புக்கு மட்டுமே இடமிருக்க வேண்டும். ஒல்லியானவர் அகலமான இருக்கையில் அமர்ந்தால் அவர் திரும்பிய பிறகுதான் நாற்காலி திரும்பும். பஞ்சுத் துண்டுகளைச் சொருகிச் சமாளிக்கிறோம், ஆனாலும் அது சமாளிப்புத்தான். கிளப் வாங்குவதானால் ஒரே அகலத்தில் இரண்டு வாங்காமல், வெவ்வேறு அகலத்தில் வாங்குவதே அறிவுடைமை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூடுதல் பிடிப்பான்களும் போல்ட்டுகளும் சேர்வதால், இதே அளவிலுள்ள நிலைச் சட்டகத்தைவிட இரண்டு மூன்று கிலோ எடை கூடுகிறது. முதல் பத்து நிமிடங்களில் அது தெரிவதில்லை. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் தோள்பட்டைக்குத் தெரிகிறது. எடையைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது சட்டகத்தின் நெகிழ்வு. நாம் தள்ளும் விசையில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் மூட்டுகளில் கரைந்துவிடுவதைக் கையால் உணர முடிகிறது. ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மற்றொன்றின்மீது சாய்ந்து நின்று பந்தை எறியும் வித்தையை மேல்நிலை ஆட்டக்காரர்கள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இந்த நாற்காலியில் அதை முயன்றால் பிடிப்பான்கள் முனகுகின்றன, நாற்காலி சற்றுத் தாமதித்தே எழுகிறது. தேசிய அணித் தேர்வுக்குப் போகும் நிலையில் உள்ள ஒருவர் இதிலேயே ஆடிக்கொண்டிருந்தால் அது அவருக்கு நட்டம்.

பராமரிப்பு விஷயத்தில் நம் ஊர் வெப்பமும் ஈரமும் இதற்குப் பகை. அலுமினியச் சட்டகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இணைக்கும் சாதாரண எஃகு போல்ட்டுகள்தான் வியர்வை பட்டுத் துருப்பிடித்தன. செந்தூலில் ஒரு பட்டறைக்காரர் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளாக மாற்றித் தந்தார். மோதல்களின் அதிர்ச்சியில் போல்ட்டுகள் தளர்வதால், ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்பு ஒரு சுற்று முடுக்கிப் பார்க்க வேண்டும். திருகு கழலாமல் பிடிக்கும் பசையில் நீல நிறத்தையே பயன்படுத்துங்கள். சிவப்பை இட்டுவிட்டால் சூடாக்கினால் ஒழியக் கழற்ற முடியாது, அளவு மாற்றும் நாற்காலி வாங்கியதன் பயனே போய்விடும். முன் சிறு சக்கரங்களின் பேரிங்குகளில் தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்வதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். சக்கர அளவைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு நடைமுறைச் செய்தி: 24 அங்குல நாற்காலிச் சக்கரத்தின் விளிம்பு 540 மில்லிமீட்டர், சைக்கிள் கடைகளில் அந்த அளவுக்கு டயர் கிடைக்காது. 25 அங்குலச் சக்கரத்தின் விளிம்பு 559 மில்லிமீட்டர். அது மலைச் சைக்கிள்களில் வழங்கும் அளவு என்பதால், தேடினால் மெல்லிய, வழவழப்பான டயர் உள்ளூரிலேயே கிடைத்துவிடுகிறது. தரையில் கறுப்புக் கோடு விழாத ரப்பராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். கறை படிந்தால் அடுத்த முறை மண்டபத்தைத் தர மாட்டார்கள்.

எடுத்துச் செல்வது எளிதன்று. சட்டகம் மடங்காது, பெரிய சக்கரங்களைக் கழற்றினால் மைவி காரின் பின்னிருக்கையை மடக்கி ஏற்றிவிடலாம். எல்ஆர்டி ரயிலில் கொண்டுவர நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. சக்கரங்களின் விரிவினால் பல கழிப்பறைக் கதவுகளுக்குள்கூட இது நுழையாது. அன்றாட நாற்காலியில் மண்டபத்துக்கு வந்து, இதில் மாறி அமர்வதே வழக்கம்.

விலையைப் பொறுத்தவரை, அளவெடுத்துச் செய்யும் நல்ல நிலைச் சட்டகம் கப்பல் கட்டணத்தோடு சேர்ந்து ஐந்திலக்க ரிங்கிட்டுக்குப் போய்விடுகிறது. எங்களுடையது அதில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. தனி ஒருவர் தமக்கென்று வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓராண்டில் அவருக்கு அது போதாமல் போகும். கிளப்புக்கும் பள்ளிக்கும் மறுவாழ்வு மையத்துக்கும் கட்டாயம் பரிந்துரைப்பேன், ஏனெனில் இது தையற்காரரின் அளவு நாடாவைப் போலப் பலருடைய உடலுக்கும் பயன்படும். பின்னொரு நாள் நிலைச் சட்டகத்துக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது, இருக்கையின் முன் உயரம், பின் உயரம், தொடை நீளம், அச்சின் இடம் எனக் கேட்கப்படும் எண்கள் ஒவ்வொன்றையும் இதில் ஆடிப் பார்த்து உறுதிசெய்திருக்கலாம். படிவத்தில் ஓர் எண் தவறினாலும் மாற்ற முடியாத நாற்காலி கப்பலேறி வந்துசேரும். அதனால் எங்கள் கிளப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, போல்ட்டுகளை எந்தத் துளைகளில் மாட்டினால் அவருக்குப் பொருந்துகிறதோ அந்தத் துளைகளின் எண்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கிறோம். வாங்குபவர்கள் நோட்டையும், ஒன்றுக்கு இரண்டாக ஆலன் சாவிகளையும், ஒரு சோடி உபரி டியூப்பையும் முதல் நாளே சேர்த்து வாங்கிவிடுங்கள்.