வெள்ளியங்கிரில ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டு எழுதற சில்வர் போர்வை ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேனுங்க, இது வீட்டுல பாக்கெட்டப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதற ரிவ்யூ இல்ல. மே மாசக் கடைசில வெள்ளியங்கிரி அஞ்சாவது மலையில நானும் எங்க மாமாவும் விடிய விடிய உக்காந்து இத யூஸ் பண்ணோம். உக்காரணும்னு பிளான் எதுவும் இல்ல.

வாங்கினது ரெண்டு அயிட்டம். ஒண்ணு குளிர்ல மாட்டிக்கிட்டா அவசரத்துக்குப் போத்திக்கற, மடிச்சா சோப்பு டப்பா சைஸ்ல வர்ற சில்வர் போர்வை, ரெண்டு பீஸ் 240 ரூபா. இன்னொண்ணு அதே ஷீட்ட சாக்குப்பை மாதிரி ஒட்டின மாடல், உள்ள எறங்கி கழுத்து வரைக்கும் இழுத்துக்கலாம், 550 ரூபா. கம்பெனி பேரு போடல, ஒரே சரக்கத்தான் பத்து பேரு பத்து பேர்ல விக்கிறாங்க. பாக்க பேப்பர் மாதிரி இருந்தாலும் இது தலைமுடிய விட மெல்லிசான பாலியஸ்டர் ஷீட்டு மேல அலுமினியம் பூசினது, 1960கள்ல நாசா விண்வெளி வேலைக்காக கொண்டுவந்த சமாச்சாரம், அத சாக்கா வெச்சு பாக்கெட் மேல ராக்கெட் படம் வேற.

பூண்டி அடிவாரத்துல வனத்துறை பிளாஸ்டிக் செக்கிங் தெரியும்ல, பிஸ்கட் கவரக் கூட பிரிச்சு பேப்பர்ல மாத்தச் சொல்லுவாங்க, தண்ணி பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி டெபாசிட் வாங்குவாங்க. இதப் பாத்து "என்னங்க இது, புரோட்டா பார்சலா"ன்னு கேட்டாங்க. வெளக்கிச் சொல்லி, திரும்பக் கொண்டாந்துருவோம்னு சொன்ன பொறகுதான் விட்டாங்க.

நாங்க பண்ண தப்பு, காலைல லேட்டா ஏறினது. ஏழாவது மலைல சாமி கும்பிட்டு திரும்பறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு, திரும்பற வழில ஆறாவது தாண்டி அஞ்சாவதுக்கு மேல ஏறும்போது மாமாவுக்கு கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு, இருட்டு வேற, சீசன் முடியற நேரம்ங்கறதால கூட்டமும் இல்ல, சுக்கு காபி கடை இருக்கும்னு நெனச்சு வந்த எடத்துல நாலு மூங்கில் கம்பும் கிழிஞ்ச தார்ப்பாயும்தான் நின்னுச்சு. "மாப்ள, இதுக்கு மேல என்னால முடியாதுடா"ன்னுட்டாரு. சரி உக்காருங்க மாமான்னு ஒரு பாறைக்குப் பின்னாடி காத்து மறைவா ஒதுங்கினோம்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். போர்வை மாடலப் பிரிச்ச ஒடனே காத்து வாங்கிட்டு சடசடன்னு அடிக்குது, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டே இருக்கணும், சித்த அசந்தா பறந்துரும். பாறை முனையில ஒரு சின்ன கீறல் பட்டுச்சு, அவ்ளோதான், அங்கிருந்து ஒரே இழுவைல முழங்கை நீளத்துக்குக் கிழிஞ்சுருச்சு. ஃபர்ஸ்ட் எய்டு பிளாஸ்திரிய ஒட்டி ஓட்டினேன். சாக்கு மாடல்ல மாமாவ எறக்கி விட்டேன், அவரு அரை மணி நேரத்துல நடுக்கம் கொறஞ்சு பேச ஆரம்பிச்சுட்டாரு. பாக்கெட்டுக்குப் பாக்கெட் 310 ரூபா வித்தியாசம், ஆனா உள்ள இருக்கறவனுக்கும் வெளிய இருக்கறவனுக்கும் நடுவுல ஒரு மலையே வித்தியாசம்.

ஒண்ணு புரிஞ்சுக்கங்க, இந்த ஷீட்டு தானா சூடு உண்டாக்காது. நம்ம ஒடம்பு சூட்ட திருப்பிக் குடுக்கும், காத்தயும் மழையயும் தடுக்கும், அவ்ளோதான். நான் வீம்புக்கு பல்லு அடிச்சுக்கற வரைக்கும் பிரிக்கல, அதுக்குள்ள ஒடம்புல திருப்பிக் குடுக்கறதுக்கே சூடு இல்ல. உக்காந்த ஒடனே போட்டுருக்கணும். அதுக்கு முன்னாடி வேர்வைலயும் மழைலயும் நனைஞ்ச காட்டன் பனியன அவுத்து காஞ்சத மாட்டிருக்கணும். கீழ இருந்து பாறை சூட்ட உறிஞ்சறத இந்த மெல்லிசு ஷீட்டு தடுக்கவே தடுக்காது, பாக்கெட்ல இதப் பத்தி ஒரு வார்த்த போடல. ரெண்டு பேர் பையையும் காலி பண்ணி அதுமேல உக்காந்த பொறகுதான் இடுப்புக்கு உசுரு வந்துச்சு. அடுத்த தடவ பழைய யோகா மேட்ல ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோறேன், எடையே இல்ல.

இன்னொரு கொற, சாக்கு மாடலுக்குள்ள நம்ம ஒடம்பு ஈரம் வெளிய போக வழி இல்லாம உள்பக்கமா தண்ணி கோத்துக்குது, விடியறப்ப மாமா லேசா நனைஞ்சுதான் இருந்தாரு. தலை வரைக்கும் மூடிக்காம மூஞ்சிய வெளிய வெச்சுக்கங்க. சத்தத்துல தூக்கம்? மறந்துருங்க.

கூட இருந்ததுல விசில் 30 ரூபா, நடுராத்திரி கீழ ஏதோ லைட் தெரிஞ்சப்ப மூணு மூணா ஊதினேன், அது மேகத்துக்குள்ள மறைஞ்சுருச்சு. தலைல மாட்டற லைட்ட எடுத்துட்டுப் போயும் பைக்குள்ளயே அது தானா ஆன் ஆகி செல்லு தீந்துருச்சு. ஒரு செல்லத் திருப்பிப் போட்டு வெச்சுருந்தா இந்த வம்பே இல்ல. கடலை மிட்டாய் பத்துக்குப் பத்து, ராத்திரி ஒரு மணிக்கு அதத் தின்ன பொறகு ஒடம்பு கொஞ்சம் பத்திக்கிச்சு. நெருப்பு மூட்டலாமான்னு மாமா கேட்டாரு, வேண்டாம்னுட்டேன். காட்டுக்குள்ள நெருப்புக்கு அனுமதியே கிடையாது, 2018 மார்ச்ல தேனி பக்கம் குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீல மாட்டி செத்தது எல்லாருக்கும் தெரியும்.

போர்வைக்கு ரெண்டு ஸ்டார், சாக்குக்கு நாலு. ஒரு தடவ பிரிச்சா பழைய சைஸுக்கு மடிக்க கடவுளாலயும் முடியாது, அதனால ட்ரையல் பாக்கறேன்னு பிரிச்சுறாதீங்க. கிழிஞ்சதுக்கு ரிட்டர்ன் கேட்டேன், யூஸ் பண்ணிட்டீங்க சார்னு சொல்லிட்டாங்க. இப்ப மாமா அத கார் முன் கண்ணாடிக்கு வெயில் மறைப்பா போட்டு வெச்சுருக்காரு, அந்த வேலைக்கு மட்டும் அஞ்சு ஸ்டார் குடுக்கச் சொன்னாரு.