மாஞ்சோலைச் சரிவு: தானே முளைக்க விடுவதா, நட்டு வளர்ப்பதா?

சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, பிறகு தேயிலைத் தோட்டமான திருநெல்வேலி மலைக்காடு மாஞ்சோலை. அந்தத் தேயிலைச் சரிவுகளைக் காடாக மீட்க இரண்டு வழிகள் உண்டு.

சும்மா விட்டால் செலவில்லை. காட்டை ஒட்டிய ஓரங்களில் இருவாச்சிப் பறவையின் எச்சத்தில் விழும் விதையே முளைத்துவிடும்.

நடுச்சரிவில் அது நடக்காது. கிளை வெட்டிக் கவாத்து செய்யாத தேயிலை மரமாக உயர்ந்து நெருங்கி நிற்கும். அடியில் வெளிச்சமே விழாது. இடைவெளி கிடைத்தால் உண்ணிச்செடி என்னும் களை முந்திக்கொள்ளும். அங்கே கன்று நட்டுத்தான் ஆக வேண்டும். தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் அடியில் காட்டு மரமான வெடிப்பலாவை வைப்பேன். முள் அடர்ந்த அதன் காயைப் பிளந்து சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) விதை தின்னும். நாற்றுக்கான விதை, மாஞ்சோலையைச் சூழ்ந்த களக்காடு முண்டந்துறை மலையிலிருந்தே வர வேண்டும். சில ஆண்டுகள் களையும் எடுக்க வேண்டும்.

முதலில் சரிவு சரிவாக நடந்து, தானே முளைத்த கன்றுகளைக் கணக்கெடுங்கள். தானே வந்த கன்றை வெட்டிவிட்டு நாற்று நடுவதை என்னால் பொறுக்க முடியாது.